வேரில் காய்க்காத கடலை: திண்டிவனம் – விழுப்புரம் வட்டார நிலக்கடலையும் கால்சியம் பிணைக்கும் புரதங்களின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

இன்றைய விழுப்புரம் மாவட்டப் பகுதியில் நிலக்கடலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து முதன்மையான பணப்பயிராக விளங்கி வருகிறது. இப்பயிரின் காய், தனக்கு வேண்டிய கால்சியத்தை வேரின் வழியாக அன்றித் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து நேரடியாகப் பெறுகிறது. இவ்வுண்மை 1940களில் சோதனை வழி நிறுவப்பட்டது. உயிரணுவுக்குள் கால்சியம் ஆற்றும் பணி, மனிதரிடமும் பிற விலங்குகளிடமும் காணப்படும் கால்மோடுலின் என்னும் புரதத்தின் வழியாக 1970க்குப் பின் விளங்கியது. இவ்விரு அறிவு மரபுகளும் நிலக்கடலை விதையில் சந்தித்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. திண்டிவனத்தின் பயிர் ஆய்வையும் சென்னை, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நகரங்களின் புரத ஆய்வையும் ஒரே வரலாறாக வாசிக்க வேண்டியதன் தேவையை இது வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: நிலக்கடலை, திண்டிவனம், தென்னார்க்காடு, கால்சியம், கால்மோடுலின், ஜிப்சம், லெக்டின், அறிவியல் வரலாறு.

முன்னுரை

தமிழகத்தின் அறிவியல் வரலாறு பெரும்பாலும் ஆளுமைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இராமானுஜன், சி. வி. இராமன், ஜி. என். இராமச்சந்திரன் ஆகியோர் குறித்துத் தமிழில் கணிசமான நூல்கள் உள்ளன. ஒரு பயிரையோ ஒரு வட்டாரத்தையோ மையமாகக் கொண்டு அறிவியலின் வளர்ச்சியை நோக்கும் முயற்சிகள் மிகக் குறைவு. உழவர் நிலத்தில் எழும் வினாவும் ஆய்வகத்தில் எழும் வினாவும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகும்.

இவ்வெண்ணம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சோதிக்கத் திண்டிவனம் – விழுப்புரம் வட்டாரத்து நிலக்கடலை தகுந்த களமாக அமைகிறது. இப்பயிரில் காய்கள் பொக்காவது உழவரின் வருவாயோடு நேரடித் தொடர்புடைய சிக்கல். அதன் காரணத்தைத் தேடிச் சென்ற ஆய்வு மண்ணில் தொடங்கிக் காயின் வழியாகப் புரத மூலக்கூறு வரை சென்றது. அம்மூலக்கூறு வகையின் மிக நெருங்கிய உறவுப் புரதம் மனித இதயத்திலும் மூளையிலும் இயங்குகிறது. இந்த நீண்ட தொடர்பைக் காலவரிசையில் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர்களில் பதிந்த வரலாறு

தமிழில் ‘கடலை’ என்னும் சொல் முதலில் கொண்டைக்கடலையைக் குறித்தது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட புதிய பயிர் வந்தபோது அச்சொல்லுக்கு அடைமொழிகள் தேவைப்பட்டன. ‘நிலக்கடலை’, ‘வேர்க்கடலை’ என்னும் இரு கூட்டுச் சொற்களும் இவ்வாறு தோன்றியவை. வட தமிழகத்தில், குறிப்பாகப் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், ‘மணிலாக்கொட்டை’, ‘மல்லாக்கொட்டை’, ‘மல்லாட்டை’ ஆகிய வழக்குகள் இன்றும் உள்ளன. ‘மணிலா’ என்று மட்டும் சுருக்கிச் சொல்வதும் உண்டு. பிலிப்பைன்சின் தலைநகரான மணிலாவின் பெயர் இச்சொற்களில் தங்கியிருக்கிறது. பயிர் வந்த கடல்வழியைக் குறித்து மக்கள் கொண்டிருந்த நினைவாக இதனைக் கொள்ளலாம்.

இப்பெயர்களுள் ‘வேர்க்கடலை’ என்பது தனிக் கவனத்திற்கு உரியது. செடியைப் பிடுங்கும்போது காய்கள் வேர்களுக்கிடையே தொங்குவதால் அவை வேரில் காய்த்தவை எனத் தோன்றும். உண்மையில் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்ற பின் சூலகத்தின் அடிப்பகுதி ஊசிபோல் நீண்டு, கீழ்நோக்கி வளர்ந்து மண்ணைத் துளைக்கிறது. அதன் நுனியே மண்ணுக்குள் பருத்துக் காயாகிறது. உழவர் வழக்கில் இது ‘விழுது இறங்குதல்’ அல்லது ‘ஊசி இறங்குதல்’ எனப்படுகிறது. ஆகவே ‘வேர்க்கடலை’ என்னும் பெயர் தோற்றத்தைச் சொல்கிறது. ‘விழுது இறங்குதல்’ என்னும் தொடர் நிகழ்வைச் சொல்கிறது. காய்க்கு உணவு வேரிலிருந்து வருகிறதா, விழுது இறங்கிய மண்ணிலிருந்து வருகிறதா என்னும் வினா 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறிவியல் வினாவாக உருப்பெற்றது. அவ்வினாவின் இரு தரப்புகளும் இவ்விரு வழக்குகளில் முன்னரே அடங்கியிருந்தன எனலாம்.

தென்னார்க்காட்டில் மணிலா

இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே இப்பகுதியின் பயிர் வரலாறு தென்னார்க்காட்டின் வரலாறாகவே ஆவணங்களில் காணப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தின் நிலக்கடலைச் சாகுபடியில் தென்னார்க்காடு முன்னிலை வகித்தது. இதற்கு இரு காரணங்கள் துணை நின்றன. ஒன்று, மழையை நம்பிய செம்மண் புன்செய் நிலங்கள். மற்றொன்று, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரித் துறைமுகத்தின் அண்மை. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்புத் தொழிற்சாலைகள் நிலக்கடலையைப் பெருமளவில் வாங்கின. புதுச்சேரி அதன் ஏற்றுமதித் துறையாயிற்று.

1879இல் விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் முதன்மைப் பாதை திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுச் சென்றதால், உள்நாட்டு விளைச்சல் விழுப்புரம் வழியாகத் துறைமுகத்தை அடைய வழி ஏற்பட்டது. ஒரு புன்செய்ப் பயிர் உலகச் சந்தையின் விலையோடு பிணைக்கப்பட்டது.

இப்பிணைப்பின் மறுபக்கம் அந்நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டது. விளைச்சல் குன்றியது, சாகுபடிப் பரப்பு சுருங்கியது. நெடுங்காலம் ஒரே விதையைப் பயன்படுத்தியதால் நேர்ந்த தளர்ச்சியும் இலைப்புள்ளி நோயும் காரணங்களாகக் கூறப்பட்டன. மொரீசியசு முதலிய இடங்களிலிருந்து புதிய விதை வரவழைக்கப்பட்ட பின்னரே சாகுபடி மீண்டது. விதைத் தேர்வு அரசின் கடமையாக உணரப்பட்டதற்கு இந்நெருக்கடி ஒரு தூண்டுகோலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டின் பாலூரில் வேளாண் ஆய்வுப் பண்ணை செயற்படத் தொடங்கியதை இப்பின்னணியில் காண வேண்டும்.

திண்டிவனத்தின் இரகங்கள்

மாகாண வேளாண் துறையின் எண்ணெய்வித்துப் பிரிவு 1930களில் நிலக்கடலையின் மரபியலை முறையாக ஆராய்ந்தது. ஜே. எஸ். படேல், சி. எம். ஜான், சி. ஆர். சேஷாத்ரி ஆகிய மூவரும் நிலக்கடலைப் பண்புகள் தலைமுறைதோறும் கடத்தப்படும் முறையைக் குறித்து 1936இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் முன்னோடிப் பணிகளுள் ஒன்று. சேஷாத்ரி பின்னர் 1962இல் நிலக்கடலை குறித்து விரிவான தனிநூல் ஒன்றையும் எழுதினார்.

இப்பணியின் களப்பயன் திண்டிவனத்தில் விளைந்தது. அந்நிலையம் வெளியிட்ட இரகங்கள் ஊரின் பெயர்ச்சுருக்கத்தால் ‘டி.எம்.வி.’ எனக் குறிக்கப்படுகின்றன. குடியாத்தம் கொத்துக்கடலை என்னும் வட்டார வகையிலிருந்து கூட்டுத் தேர்வு முறையில் பிரித்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 என்னும் இரகம் 1940இல் வெளிவந்தது. ஏறத்தாழ 105 நாள்களில் முதிரும் இக்கொத்து வகை, தமிழகத்தைக் கடந்து ஆந்திரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களிலும் பல பத்தாண்டுகள் பரவலாகப் பயிரிடப்பட்டது. டி.எம்.வி. 7 என்னும் இரகம் 1967இல் வெளியானது. எள், ஆமணக்கு ஆகிய பயிர்களிலும் இதே பெயர்வரிசையில் இரகங்கள் வந்தன. ஒரு வட்டத் தலைநகரின் பெயர் இந்தியாவின் பல மாநில உழவர்களின் நாவில் பயிர்ப்பெயராக வழங்கியது அரிய நிகழ்வாகும்.

டி.எம்.வி. 2 சிறுவிதை வகையைச் சேர்ந்தது. பெருவிதை வகைகளோடு ஒப்பிடும்போது சிறுவிதை வகைகள் மண்ணில் கால்சியம் குறைந்த நிலையையும் ஓரளவு தாங்கக் கூடியவை. இரகத் தேர்வில் வெளிப்படையாகக் கருதப்பட்டவை விளைச்சல், வயது, எண்ணெய் அளவு ஆகியனவே. ஆயினும் செம்மண் புன்செயில் பலமுறை சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை, அம்மண்ணின் சத்துநிலைக்கு ஏற்ற செடியையே இயல்பாக முன்னிறுத்தும் என்பது கருதத்தக்கது.

காய் தானே கொள்ளும் உணவு

நிலக்கடலைச் சாகுபடியில் பொக்குக் காய் என்பது பழகிய சிக்கல். ஓடு முழுமையாக வளர்ந்திருக்கும். உள்ளே பருப்பு இராது, அல்லது சுருங்கி இருக்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் காயின் மதிப்பு அதன் உடைப்புத் திறனைப் பொறுத்தது. அதாவது, குறிப்பிட்ட எடையுள்ள காயிலிருந்து கிடைக்கும் பருப்பின் எடையைப் பொறுத்தது. பொக்கு மிகுந்தால் உழைப்பும் விதைச் செலவும் மாறாதிருக்க, வருவாய் மட்டும் குறையும். கால்சியம் குறைந்த பருப்பில் முளைக்குருத்து கருத்துப் போவதும் முளைப்புத் திறன் குன்றுவதும் உண்டு. அடுத்த பட்டத்திற்குத் தன் விளைச்சலிலிருந்தே விதை எடுத்து வைக்கும் உழவருக்கு இது இரட்டை இழப்பாகும்.

இதன் காரணம் 1940களில் அமெரிக்காவின் நிலக்கடலை மாநிலங்களில் ஆராயப்பட்டது. வட கரோலினாவில் நிகழ்ந்த ஆய்வுகள், காய் வளரும் மண்ணடுக்கில் கால்சியம் இருப்பதே காய் நிரம்புவதற்கு இன்றியமையாதது எனக் காட்டின. 1949இல் புளோரிடாவில் பிளெட்சோ, கோமார், ஹாரிஸ் ஆகியோர் கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி இதனை உறுதி செய்தனர். வேர்ப்பகுதிக்கு அளித்த கால்சியம் காயை மிகக் குறைவாகவே அடைந்தது. காய்ப்பகுதி மண்ணில் அளித்த கால்சியமோ நேரடியாகக் காய்க்குள் சென்றது.

இதன் இயக்கம் பின்வருமாறு விளக்கப்படுகிறது. தாவரத்தில் கால்சியம் பெரும்பாலும் நீரோடு சேர்ந்து சைலக் குழாய்களின் வழியாக மேலேறுகிறது. அந்நீரோட்டத்தை இயக்குவது இலைகளின் நீராவிப்போக்கு. மண்ணுக்குள் புதைந்த காயில் நீராவிப்போக்கு இல்லை. எனவே வேர் உறிஞ்சிய கால்சியம் இலைகளை நோக்கிச் சென்றுவிடுகிறது. இலையிலிருந்து காய்க்குச் சர்க்கரையைக் கொண்டுவரும் புளோயக் குழாய்களில் கால்சியம் மிக அரிதாகவே நகரும். ஆகவே செடி முழுவதும் செழித்திருந்தாலும் காய் மட்டும் கால்சியப் பற்றாக்குறையில் வாட நேரும். காய் தன் ஓட்டின் வழியாக, சூழ்ந்த மேல்மண்ணிலிருந்து தானே உறிஞ்சிக் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரை இவ்வறிவை எளிய செயல்முறையாக வடித்தது. எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை விதைத்த 40 முதல் 45 நாள்களுக்குள் செடியோரம் இட்டுக் கொத்தி மண் அணைக்க வேண்டும் என்பது அப்பரிந்துரை. ஜிப்சம் நீரேறிய கால்சியம் சல்பேட்டு ஆகும். அது சுண்ணாம்புக் கல்லைவிட எளிதாக நீரில் கரைவதால் காய் வளரும் அடுக்கில் விரைந்து கிடைக்கிறது. உடன் கந்தகத்தையும் தருகிறது. மண் அணைத்த பின் செடியைச் சுற்றிய மண்ணைக் கலைக்கக் கூடாது. இறங்கிய விழுதுகள் அறுபடும். காலம், இடம், பொருள் ஆகிய மூன்றும் இச்செயல்முறையில் பொருந்தி நிற்கின்றன. தமிழகத்தில் திருச்சிராப்பள்ளிப் பகுதியின் ஊட்டத்தூர்க் களிமண் படிவுகளில் ஜிப்சம் இயற்கையாகக் கிடைப்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

இந்நிலையில் ஒரு வினா எஞ்சியது. காய்க்குள் நுழைந்த கால்சியம் அங்கு என்ன செய்கிறது? அதன் பெரும்பகுதி செல்சுவரின் பெக்டின் பொருளைப் பிணைத்து உறுதியாக்குகிறது. செல்சவ்வின் கட்டமைப்பைக் காக்கிறது. ஆனால் மிகச் சிறிய பகுதி வேறொரு பணியைச் செய்கிறது. அப்பணி முதலில் விலங்கு உடலில்தான் கண்டறியப்பட்டது.

கால்மோடுலின்: செய்தியைப் பெறும் புரதம்

1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர், தவளையின் இதயம் குழாய் நீரில் கரைத்த உப்புக் கரைசலில் துடிப்பதையும், காய்ச்சி வடித்த நீரில் கரைத்த கரைசலில் விரைவில் நின்றுவிடுவதையும் விளக்கினார். வேறுபாட்டுக்குக் காரணம் குழாய் நீரிலிருந்த கால்சியம். எலும்பின் கட்டுமானப் பொருள் என்று மட்டுமே கருதப்பட்ட கால்சியம், இயக்கத்தைத் தூண்டும் பொருளும் ஆகும் என்பது இதனால் புலப்பட்டது. 1960களில் ஜப்பானின் செட்சுரோ எபாஷி, தசைச் சுருக்கத்தில் கால்சியத்தை ஏற்கும் டிரோப்போனின் புரதத்தைக் கண்டறிந்தார்.

1970இல் அமெரிக்காவின் மெம்பிசில் வாய் யியு சியுங்கும், ஜப்பானில் ஷிரோ காகியுச்சியும் மூளைத் திசுவில் ஒரு நொதியை ஊக்குவிக்கும் சிறு புரதத்தைத் தனித்தனியே கண்டனர். அப்புரதம் கால்சியத்தைப் பிணைத்துச் செயற்படுவது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. கால்சியத்தால் பண்பு மாறி, பிற புரதங்களின் செயலை மாற்றுவது என்னும் பொருளில் அதற்குக் ‘கால்மோடுலின்’ என்று பெயரிடப்பட்டது.

புரதம் கால்சியத்தை எவ்வாறு பிடிக்கிறது என்பதற்கு விடை, கெண்டை வகை மீனின் தசைப் புரதத்திலிருந்து கிடைத்தது. 1973இல் கிரெட்சிங்கரும் நோக்கோல்ட்சும் பார்வால்புமின் என்னும் அப்புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டனர். இரு சுருள்களும் அவற்றுக்கிடையே ஒரு வளையமும் கொண்ட அமைப்பு கால்சியத்தைத் தாங்கி நின்றது. ‘ஈ’, ‘எஃப்’ எனக் குறிக்கப்பட்ட சுருள்கள், வலக்கையின் சுட்டுவிரலும் கட்டைவிரலும் விரிந்து நிற்பதுபோல் அமைந்திருந்ததால் இவ்வமைப்பு ‘ஈ.எஃப். கை’ எனப்பட்டது. 148 அமினோ அமிலங்களைக் கொண்ட கால்மோடுலினில் இத்தகைய நான்கு கைகள் உள்ளன.

இங்குத் தமிழகத்தின் பங்கு ஒன்று உண்டு. புரதச் சங்கிலி எக்கோணங்களில் மடிய இயலும் என்பதை வரையறுத்த வரைபடத்தை ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டனர். அதன்பின் உலகில் வெளியாகும் புரதப் படிக அமைப்புகளின் சரிபார்ப்புக்கு ‘இராமச்சந்திரன் வரைபடம்’ ஓர் உரைகல்லாயிற்று. 1985இல் ஒய். எஸ். பாபுவும் உடன் ஆய்வாளரும் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து கால்மோடுலினின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டனர். இரு முனைகளிலும் இரண்டிரண்டு கால்சியக் கைகளும், நடுவில் நீண்ட சுருளும் கொண்ட அவ்வமைப்பு உடற்பயிற்சிக்குரிய இருதலைக் குண்டை ஒத்திருந்தது.

செல்லின் உட்பகுதியில் கால்சியத்தின் செறிவு, வெளியே உள்ளதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு குறைவு. இப்பெரும் வேறுபாடே கால்சியத்தைச் செய்தியாக்குகிறது. ஒரு தூண்டலால் கால்வாய்கள் திறந்து உட்செறிவு சற்று உயர்ந்ததும், கால்மோடுலின் கால்சியத்தைப் பற்றி வடிவம் மாறி, அடுத்த புரதத்தைத் தழுவி அதன் செயலைத் தொடக்குகிறது.

ஒரு புரதம், மூன்று மரபணுக்கள்

மனிதரிடம் கால்மோடுலினைக் குறியிடும் மரபணுக்கள் மூன்று. கால்ம் 1, கால்ம் 2, கால்ம் 3 எனப்படும் இவை முறையே 14, 2, 19ஆம் குரோமோசோம்களில் உள்ளன. மூன்றின் எழுத்து வரிசைகள் வேறுபட்டிருப்பினும், அவை உருவாக்கும் புரதத்தின் அமினோ அமில வரிசை முற்றிலும் ஒன்றே. முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்திலும் இவ்வரிசை மாறாமல் காக்கப்பட்டுள்ளது.

ஒரே புரதத்திற்கு மூன்று மரபணுக்கள் இருப்பதால், ஒன்றில் நேரும் பிழை மற்றவற்றால் ஈடுசெய்யப்படும் என எதிர்பார்க்கலாம். நிகழ்வது வேறு. 2012இல் சுவீடன் நாட்டுக் குடும்பம் ஒன்றில், கால்ம் 1 மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாற்றத்தால் கடுமையான இதயத் துடிப்புக் கோளாறு தலைமுறைகளாகத் தொடர்ந்தது கண்டறியப்பட்டது. 2013இல் குழந்தைகளிடம் மீண்டும் மீண்டும் நேர்ந்த இதய நிறுத்தத்திற்குக் கால்மோடுலின் மரபணுப் பிறழ்வுகள் காரணமாயிருந்தது வெளியாயிற்று. பின்னர் மூன்று மரபணுக்களிலுமே இத்தகைய பிறழ்வுகள் பதிவாயின. பிழையுள்ள புரதம் சிறுபங்கே ஆயினும், அது இதயத்தின் கால்சியக் கால்வாய்களோடு இணைந்து அவற்றின் இயக்கத்தைக் குலைக்கிறது. பரிணாமம் இவ்வரிசையை மாற்றாமல் காத்ததன் பொருள் இந்நோய்களில் விளங்குகிறது.

நிலக்கடலைக்குள் இரு புரதங்கள்

கால்மோடுலின் விலங்குகளுக்கே உரியதன்று என்பது 1978இல் அமெரிக்காவின் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்சன், கோர்மியர் ஆகியோர் உயர்தாவரங்களில் நிகழ்த்திய ஆய்வால் புலப்படத் தொடங்கியது. தாவரக் கால்மோடுலினும் மனிதக் கால்மோடுலினும் ஏறத்தாழ 90 விழுக்காடு ஒத்த வரிசை உடையவை. நிலக்கடலைச் செடியும் அதை விளைவிக்கும் உழவரும் கால்சியத்தின் செய்தியை ஏற்பதற்கு ஏறத்தாழ ஒரே கருவியைக் கொண்டிருக்கின்றனர்.

தாவரங்களுக்குத் தனியே வேறொரு கருவியும் உண்டு. 1987இல் கோர்மியர் ஆய்வகத்தின் ஆலிஸ் ஹார்மன் முதலியோர் சோயா மொச்சையில், கால்மோடுலின் துணையின்றியே கால்சியத்தால் இயங்கும் புரதக் கைனேஸ் நொதியை விவரித்தனர். 1991இல் அதன் மரபணு வரிசை வெளியானபோது காரணம் தெளிவாயிற்று. அந்நொதியின் ஒரு பகுதி கால்மோடுலினை ஒத்த நான்கு ஈ.எஃப். கைகளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. மனிதரிடம் இந்நொதி இல்லை. 1994இல் கொல்கத்தாவில் மைத்ரேயி தாஸ்குப்தா, நிலக்கடலை விதையிலிருந்து இத்தகைய நொதியைப் பிரித்து அதன் பண்புகளை வெளியிட்டார்.

அதே 1994இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா ஆகியோரின் குழு நிலக்கடலை லெக்டினின் படிக அமைப்பை வெளியிட்டது. விஜயன் பணியாற்றிய மூலக்கூறு உயிர் இயற்பியல் துறை, சென்னையிலிருந்து சென்ற இராமச்சந்திரனால் நிறுவப்பட்டது. லெக்டின் என்பது சர்க்கரைகளை இனங்கண்டு ஒட்டும் விதைப்புரதம். நிலக்கடலை லெக்டினின் நான்கு அலகுகளும் ஒவ்வொன்றாகக் கால்சியத்தையும் மாங்கனீசையும் தாங்குகின்றன. அவ்வலகுகள் இணைந்த முறை அதுவரை அறியப்பட்ட சமச்சீர்களுக்குள் அடங்காததாக இருந்தமையால் அவ்வமைப்பு உலகக் கவனம் பெற்றது. புற்று உயிரணுக்களின் மேற்பரப்பில் வெளிப்படும் ‘டி’ எதிர்ச்செனி என்னும் சர்க்கரைத் தொகுதியை இந்த லெக்டின் பிணைப்பதால், மருத்துவ ஆய்வில் அது அடையாளப் பொருளாகப் பயன்பட்டு வருகிறது.

இவ்விரு புரதங்களும் கால்சியத்தைப் பிணைக்கும் முறை வேறானது. லெக்டினில் கால்சியம் நிலையாகத் தங்கிச் சர்க்கரையைப் பற்றும் பகுதியின் வடிவத்தைத் தாங்குகிறது. கைனேஸ் நொதியில் கால்சியம் வந்து செல்லும் தூதாக விளங்குகிறது. ஒன்றில் தூண், மற்றொன்றில் தூது. ஒரே விதைக்குள் இவ்விரு பணிகளும் நிகழ்கின்றன.

2011இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் முகேஷ் ஜெயின், ஹார்மன் முதலியோர், கால்சியம் போதிய நிலையிலும் குறைந்த நிலையிலும் வளரும் நிலக்கடலைக் காய்களில் இக்கைனேஸ் நொதி வெளிப்படும் முறையை ஆராய்ந்தனர். 1949இல் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு கேட்கப்பட்ட வினா, அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே மாநிலத்தில் மரபணு மொழியில் மீண்டும் கேட்கப்பட்டது.

பிரிந்து கிடக்கும் ஆவணங்கள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, செயலறிவு மூலக்கூறு அறிவுக்காகக் காத்திருக்கவில்லை. காய்ப்பகுதி மண்ணுக்குக் கால்சியம் வேண்டும் என்பது நிறுவப்பட்டபோது கால்மோடுலின் அறியப்படவே இல்லை. எனவே மூலக்கூறு உயிரியல் மேலிருந்து இறங்கி வந்து உழவைத் திருத்தியது என்னும் எளிய கதை இங்குப் பொருந்தாது. அதேபோல், ஜிப்சத்தின் பயன் முழுவதையும் கால்மோடுலின் வகைப் புரதங்களுக்கு ஏற்றிச் சொல்வதும் பிழையாகும். காய் கொள்ளும் கால்சியத்தின் பெரும்பங்கு செல்சுவருக்கும் சவ்வுக்கும் உரியது. புரதங்கள் பயன்படுத்துவது சிறுபங்கே. ஆனால் வளர்ச்சியின் கட்டளைகள் அச்சிறுபங்கின் வழியாகவும் செல்கின்றன.

இரண்டாவது, இந்தியச் சூழலில் இவ்வறிவு நிறுவன அளவில் பிரிந்து கிடந்தது. நிலக்கடலைச் செடி திண்டிவனத்திலும், அதன் லெக்டின் பெங்களூரிலும், அதன் கைனேஸ் நொதி கொல்கத்தாவிலும், புரத மடிப்பின் இலக்கணம் சென்னையிலும் ஆராயப்பட்டன. புளோரிடாவில் வயல் ஆய்வும் புரத ஆய்வும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே கட்டுரைக்குள் இணைந்தன. இங்கு நான்கு நகரங்களின் பணிகளும் தத்தம் துறை இதழ்களுக்குள் அடங்கின. வேளாண் கையேடு லெக்டினைப் பேசுவதில்லை; புரத வரலாறு பொக்குக் காயைப் பேசுவதில்லை. தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறும் இப்பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டு, சென்னையின் வரைபடத்தைக் கொண்டாடித் திண்டிவனத்தின் விதையை வேளாண் புள்ளிவிவரத்திற்கு விட்டுவிட்டது.

இதன் இழப்பு வெறும் வரலாற்று இழப்பு அன்று. இவ்வட்டாரக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் கால்மோடுலினைப் பாடநூலின் படமாகவே அறிகின்றனர். தம் ஊர்ப் புன்செயில் 45ஆம் நாளில் இடப்படும் ஜிப்சத்தோடு அப்படத்திற்கு உள்ள உறவு அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அவ்வுறவைச் சொல்லும் தமிழ் ஆவணம் இருந்தால், அயலான அறிவாகத் தோன்றும் பாடம் மண்ணின் அறிவாக மாறும்.

முடிவுரை

‘வேர்க்கடலை’ என்னும் பெயர் காய்க்கும் வேருக்கும் உள்ள தோற்றத் தொடர்பைச் சொல்கிறது. ‘விழுது இறங்குதல்’ என்னும் உழவர் வழக்கு காய்க்கும் மண்ணுக்கும் உள்ள மெய்த்தொடர்பைச் சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் இரண்டாவது வழக்கை உறுதி செய்தன. மண்ணிலிருந்து காய் நேரடியாகக் கொள்ளும் கால்சியம் சுவராகவும், லெக்டினில் தூணாகவும், கைனேஸ் நொதியிலும் கால்மோடுலினிலும் தூதாகவும் பணியாற்றுகிறது. அத்தூதை ஏற்கும் கால்மோடுலினின் உறவுப் புரதம் மூன்று மரபணுக்களால் காக்கப்பட்டு மனித இதயத்தின் துடிப்பையும் நெறிப்படுத்துகிறது.

திண்டிவனத்தின் பெயரைத் தாங்கிய இரகங்களின் பதிவேடுகள், தென்னார்க்காட்டுச் சந்தை ஆவணங்கள், உழவர் வழக்குச் சொற்கள், புரத ஆய்வுக் கட்டுரைகள் ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து வாசிக்கும்போதுதான் இவ்வரலாறு முழுமை பெறும். எள், ஆமணக்கு, கரும்பு ஆகிய இவ்வட்டாரத்தின் பிற பயிர்களுக்கும் இத்தகைய வாசிப்பை விரிவாக்குவது எதிர்கால ஆய்வாளர்க்கு உரிய பணியாகும்.